இரண்டு கட்டம் கேட்கும் எழுத்து

“எங்கள் எழுத்தில் ஒன்றைக்கூட உனக்கு வாசிக்கத் தெரியாது. அதை நீ வரிசையில் நிற்க வைக்கப் போகிறாயா, அமோய்?”

மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கிடங்கில், மூன்றாம் ரேக் வரிசையின் முனையில் உட்கார்ந்திருக்கும் சீன ஆன்ட்டி கேட்டது இது. சீனப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் சொல்லால்தான் என்னையும் கூப்பிடுவார். அவர் பேசுவது பாசார் மலாய், சந்தையில் புழங்கும் கொச்சை மலாய். அவர் வாயில் திட்டும் பாராட்டும் அதில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். இதைச் சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

நான் கொஞ்சம் ரோஷக்காரி. அப்பா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர்; பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அம்மா அதே தோட்டத்து நர்சரியில் கன்று வளர்ப்பவர்; மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான். என் கணினி டிப்ளோமா சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அதைவிட உயரத்தில் இருப்பது சாமி படம் மட்டும்தான். இப்படி வளர்ந்தவளிடம் ‘உனக்குத் தெரியாது’ என்று சொன்னால் காது சூடாகத்தானே செய்யும்?

“ஒரு வாரம் போதும், ஆன்ட்டி. நேராக நிற்க வைக்கிறேன்” என்றேன்.

அதற்குள் பிஸ்கட் உடைந்து காப்பிக்குள் விழுந்துவிட்டது. அதற்கும் அவர் என்னையே முறைத்தார்.

சங்கதி இதுதான். எங்கள் கிடங்கிலிருந்து மலாக்கா முழுக்க உள்ள மளிகைக் கடைகளுக்குச் சாமான் போகிறது. எந்தச் சாமான், எத்தனை பெட்டி, எந்த ரேக் என்று காட்டுவதற்கு ஒரு பழைய கணினி நிரல் இருக்கிறது. படம் கிடையாது, பட்டன் கிடையாது, சுட்டெலி கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பார்க்கக் கிழடாக இருக்கும்; ஆனால் புதிய நிரல்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இது கண்ணிமைப்பதற்குள் பதில் சொல்லும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஆன்ட்டி அதுவரை காகிதத்தில்தான் வேலை பார்த்தார். சீனப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். சீன எழுத்தும் இலக்கங்களும் தெரியும், ஆங்கில எழுத்து தெரியாது. சீனத்தில் அச்சடித்த பட்டியலை வைத்துக்கொண்டு, தள்ளிவரும் பெட்டிகளைச் சரிபார்ப்பார். தப்பு விடமாட்டார். காகிதத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் திரைக்கு மாற்றுகிறோம் என்று மேனேஜர் அறிவித்த கூட்டத்தில், “திரையிலேயே சீனப் பெயரையும் போட்டுவிடலாமே, சார்” என்று எழுந்து நின்று சொன்ன புத்திசாலி நான்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

போட்டேன். சீனப் பெயர்களை எழுதிச் சேர்க்க ஆன்ட்டிக்கும் ஒரு கணினி கொடுத்தார்கள். அடுத்த நாளே ஜாசினில் கிச்சாப், அதாவது சோயா சாஸ், கேட்ட கடைக்கு வினிகர் போய் இறங்கியது.

அந்தக் கறுப்புத் திரை உண்மையில் கண்ணுக்குத் தெரியாத கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு வரிக்கு எண்பது கட்டம். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம். சீன எழுத்து அகலமானது. அதற்கு இரண்டு கட்டம் வேண்டும். சாமான் பெயருக்கு முப்பது கட்டம் என்று நிரல் ஒதுக்கியிருந்தது. பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணி, மீதிக்கு வெற்றிடம் போட்டு, முப்பதை நிரப்பும். மூன்று சீன எழுத்து உள்ள பெயர் என்றால் மூன்று என்று எண்ணி, இருபத்தேழு வெற்றிடம் போடும். ஆனால் திரையில் அந்த மூன்றும் ஆறு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆக, பின்னால் வருவதெல்லாம் மூன்று கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போகும். வரியின் கடைசியில், இரண்டே கட்டம் காலி விட்டு, நிற்பது ரேக் எண். அதன் கடைசி இலக்கம் திரையின் விளிம்பில் விழுந்து காணாமல் போகும்.

முழு எண்ணும் விழுந்தால் பரவாயில்லை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நேப்பாள அண்ணன் வந்து கேட்பார். ஓர் இலக்கம் மட்டும் விழுந்தால்தான் வம்பு. புதிய கட்டடத்தில் நான்கு இலக்க ரேக், பழைய கட்டடத்தில் மூன்று இலக்க ரேக். 3147 என்பது 314 ஆகத் தெரிந்தால், அவர் நல்ல பிள்ளையாகப் பழைய கட்டடத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மலாக்கா டவுனில் வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். நான் கட்டக் கணக்கை விளக்க ஆரம்பித்தேன்.

“தங்கச்சி, லெக்சர் வேணாம் லா” என்றார். “அடுத்த திங்கக்கிழமை காலைல லிஸ்ட் நேரா நிக்கணும். இல்லன்னா சைனீஸ் பேர எடுத்துருவோம். இங்கிலிஷ் மட்டும் போதும்.”

“அப்ப ஆன்ட்டி, சார்?”

“ரேப்பிங் பக்கம் அனுப்பலாம். அங்க படிக்க வேண்டியது ஒண்ணும் இல்ல.”

ரேப்பிங் என்றால் அடுக்கிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பிளாஸ்டிக் சுற்றுவது. நாள் முழுக்க நின்றபடி, குனிந்தபடி. ஆன்ட்டி இரண்டு படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நின்று மூச்சு விடுவார், முட்டி அப்படி. அந்த வேலையில் அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டத்தில் எழுந்து நிற்காமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், யாராவது அவருக்குக் காகிதத்தையே விட்டுவைத்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா முட்டைக்கோஸை, எங்கள் பேச்சில் கோபிஸ், நறுக்கிக்கொண்டே, “ஏன்டி மூஞ்சி இப்பிடி இருக்கு?” என்றார். சொன்னேன். சான்றிதழுக்கு மரியாதை தரும் விதமாகக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டு, “எங்க லோரில ஆளு ஏத்துற மண்டோர் மாதிரின்னு சொல்லு” என்றார். மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி. “அவன் தலைய எண்ணுவான். இருவது தலைக்கு எடம் இருக்குன்னு ஏத்திருவான். எங்க நர்சரி அக்கா ஒருத்தவங்க உக்காந்தா ரெண்டு பேரு எடம் போயிரும். கடைசில ஏறுற நானு கதவுல தொங்கிக்கிட்டு வருவேன். உன் கம்ப்யூட்டரும் தலைய எண்ணுது, எடத்த எண்ணல. அதானே?”

அதேதான். கால் மணி நேரம் நான் சொன்னதை அம்மா அரைக் கோபிஸில் முடித்துவிட்டார்.

“நீங்களே போய் சரி பண்ணிட்டு வாங்கம்மா” என்றேன்.

“எனக்கு மேல சர்ட்டிபிகேட் தொங்கலையே” என்றார்.

செவ்வாய், புதன் இரண்டு நாள் உட்கார்ந்தேன். வைத்தியம் சுலபமாகத் தோன்றியது. ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, கோடு இவற்றுக்கு ஒரு கட்டம். மற்ற எதுவாக இருந்தாலும் இரண்டு கட்டம். நிரலில் நான்கே வரி. ஓட்டிப் பார்த்தேன், நூடல்ஸ், காளான், டோஃபு, உப்பு மீன் எல்லாம் பள்ளி அசெம்பிளியில் நிற்பதுபோல நின்றன. எனக்கு அவற்றின் பெயர் தெரியாது, பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் எண் ஒன்றும் விழவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே கீழே இறங்கினார். ஓரிடத்தில் நின்றார். அவர் தோள் குலுங்கியது.

“தங்கச்சி, சீனாக்காரன் சாமானெல்லாம் நேரா நிக்குது. உன் அப்பளம் மட்டும் ஏன் சாஞ்சு கெடக்கு?”

பட்டியலில் தமிழும் உண்டு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. தோட்டத்துக் கடைகளுக்குப் போகும் அப்பளம், ஊதுபத்தி, சீயக்காய்க்குத் தமிழில்தான் பெயர். அந்தப் பெயர்களைப் போட்டதும் நான்தான். ‘அப்பளம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, திரையில் ஐந்து கட்டம். கணினியோ புள்ளிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. அதற்கு அது ஏழு. ஏழையும் ‘மற்றவை’ என்று எடுத்து, இரண்டால் பெருக்கி, பதினான்கு கட்டம் என்று என் நிரல் முடிவு கட்டியிருந்தது. வெற்றிடம் ஒன்பது குறைந்து, ரேக் எண் ஒன்பது கட்டம் இடப்பக்கம் வந்து நின்றது. எழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் புள்ளிக்குத் தனியாக இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன், நான், தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குக் கோப்பை வாங்கியவள்.

மத்தியானத்துக்குள் கிடங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நேப்பாள அண்ணன் என்னைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கி, “அப்பளம் ஓகே?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. “இன்னும் நான்கு நாள் இருக்கிறது” என்றார். பிறகு, “ரேப்பிங்கில் ஃபேன் இருக்கிறதா?” என்று, யாரோ ஒருவருக்காக விசாரிப்பதுபோலக் கேட்டார்.

அதற்கு அவர் சிரித்திருந்தாலே தேவலாம் போல இருந்தது.

ஊகித்தது போதும் என்று வியாழக்கிழமை முறையாக ஆரம்பித்தேன். உலகத்தில் கணினிக்குள் வரும் ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம் சொல்லும் அட்டவணை ஒன்று எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. எது அகலம், எது குறுகல், எது இன்னோர் எழுத்தின்மேல் ஏறிக்கொண்டு இடமே எடுக்காது என்று அதில் இருக்கிறது. அதை நிரலுக்குள் கொண்டுவந்தேன். தமிழ்ப் புள்ளிக்குச் சுழியம். அப்பளம் நிமிர்ந்தது. நீளமான பெயரை முப்பது கட்டத்தில் வெட்டும்போது கத்தி ஒரு சீன எழுத்தின் நடுவில் விழுந்தால், பாதி எழுத்தைப் போடாமல் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன். ஆன்ட்டி அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் பாதி எழுத்து மட்டும் போய், மீதி திரையில் எச்சமாக நிற்கும் கோளாறும் இருந்தது. “எழுத்துக்கு வயிறு போய்விட்டது, கால் நிற்கிறது” என்று நாளுக்குப் பத்து தடவை கத்துவார். அதையும் சேர்த்தே சரிசெய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை என் மேசைக் கணினியில் எல்லாம் நேர். தலையை நிமிர்த்திக்கொண்டு ரேக் முனைக்குப் போய் ஆன்ட்டியின் திரையில் திறந்தேன். எல்லாம் நேர், ஆனால் அங்கங்கே சில வரிகள் மட்டும் ஒரு கட்டம் தள்ளி நின்றன. ஒரே ஒரு கட்டம்.

தள்ளி நின்ற ஒவ்வொரு வரியிலும் பெயருக்கு முன்னால் ஒரு வட்டம் இருந்தது.

அது ஆன்ட்டியின் வழக்கம். சைவச் சாமான் எதுவானாலும் பெயருக்கு முன்னால் ○ என்று ஒரு வட்டம் போடுவார். சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடும் சீனக் குடும்பங்கள் நிறைய. கோயில் பக்கத்துக் கடைகள் அந்த வட்டத்தை நம்பித்தான் வாங்குகின்றன. வட்டம் உள்ள பெட்டியோடு மீன் டப்பாவை ஒன்றாகக் கட்டமாட்டார்கள். நம் கடைகளும் வெள்ளிக்கிழமைச் சாமானுக்கு அந்த வட்டத்தைத்தான் பார்க்கின்றன.

அட்டவணையில் தேடினேன். வட்டத்துக்கு நேரே, அகலமும் இல்லை, குறுகலும் இல்லை. ‘இடத்தைப் பொறுத்தது’ என்று இருந்தது. சீன அமைப்பில் ஓடும் கணினி அதை இரண்டு கட்டத்தில் வரையும். மற்றது ஒரு கட்டத்தில். கையால் எழுதும் பலகை வேலை செய்வதற்காக ஆன்ட்டியின் கணினி சீன அமைப்பில் இருந்தது. என்னுடையது ஆங்கிலத்தில். இரண்டு கட்டம் என்று மாற்றினால் ஆன்ட்டியிடம் நிமிர்ந்து என்னிடம் சாய்ந்தது. ஒன்று என்றால் என்னிடம் நிமிர்ந்து அவரிடம் சாய்ந்தது.

“வட்டத்த எடுத்துருங்க லா, என்ன இப்போ” என்றார் மேனேஜர்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆன்ட்டி பேனாவைக் கீழே வைத்தார். “வட்டத்தை எடுத்தால் நான் இங்கே உட்காரவேண்டிய அவசியமே இல்லை. என்னை நம்பித்தான் அந்தக் கடைக்காரர்கள் வாங்குகிறார்கள். ரேப்பிங்குக்கே போகிறேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் கிண்டல் செய்யாமல் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வெறும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு, அவருடைய கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வட்டத்துக்குப் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கட்டத்தில். என் கணினியில் அதே வட்டத்தைப் போட்டபோது இரண்டாவது கட்டத்தில் மினுக்கியிருந்தது. எந்தக் கணினி என்ன செய்கிறது என்று என் கண்ணால் பார்க்க முடிகிறது. நிரலுக்குக் கண் இல்லை. ஆனால் வாய் இருக்கிறது: ‘கர்சர் இப்போது எந்தக் கட்டத்தில்?’ என்று திரையைக் கேட்டால் திரை எண்ணைச் சொல்லும். பழைய காலத்திலிருந்தே எல்லாக் கறுப்புத் திரைக்கும் தெரிந்த கேள்வி அது. டிப்ளோமாவில் ஒரு பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருந்தேன்.

இப்போது நிரல் திறந்தவுடன் முதல் காரியமாக ஒரு வட்டம் போடும். திரையைக் கேட்கும். இரண்டு என்று பதில் வந்தால் வட்டத்துக்கு ஒரு கட்டம். மூன்று என்று வந்தால் இரண்டு கட்டம். பிறகு வட்டத்தை அழித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. என் கணினியிலும் நேர், ஆன்ட்டியின் கணினியிலும் நேர். இரண்டுக்கும் நடுவில் நான்கு தடவை ஓடிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை ஓடியது சும்மா, சந்தோஷத்துக்கு.

திங்கட்கிழமை காலை மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு ரேக் முனையில் நின்றார். ஆன்ட்டி ஒரு வரியில் இருந்த பெயரை அழித்துவிட்டுப் பலகையில் எழுத ஆரம்பித்தார். வட்டம் போட்டார். பிறகு எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். இருபது எழுத்துக்கு மேல் இருக்கும்.

“இப்படி ஒரு சாமான் நம்மிடம் இருக்கிறதா, ஆன்ட்டி?” என்றேன்.

“இல்லை. உனக்காக எழுதினேன்.”

“என்ன எழுதினீர்கள்?”

“ரொம்பப் பேசுகிற, முடியை ஒழுங்காகக் கட்டத் தெரியாத, ஆனால் சைவமான ஓர் இந்தியப் பெண், பெட்டி ஒன்று, என்று எழுதினேன்.”

மேனேஜர் திரும்பி இருமினார். எண்டரை அழுத்தினார் ஆன்ட்டி. முப்பதாவது கட்டத்துக்குள் என் வர்ணனை வெட்டப்பட்டு நின்றது. பாதி எழுத்து எதுவும் தொங்கவில்லை. கடைசியில் ரேக் எண் நான்கு இலக்கமும் நிமிர்ந்து நின்றது. எந்த இடத்தில் என்னை வெட்டியது என்று கேட்டேன். ‘ஆனால்’ என்பதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டதாம்.

நேப்பாள அண்ணன் அன்றைய முதல் பட்டியலைப் பார்த்து வண்டியை எடுத்தார். புதிய கட்டடத்துக்குத்தான் போனார். கிச்சாப்போடுதான் திரும்பினார்.

“சரி லா. சைனீஸ் இருக்கட்டும்” என்றார் மேனேஜர். “ஆன்ட்டி இங்கேயே இருக்கட்டும்.” பாராட்டு அவ்வளவுதான். அவர் போனபிறகு ஆன்ட்டி நாற்காலியை முன்னால் இழுத்து, வலிக்கும் காலைக் கீழே இருந்த பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இனி எனக்குத்தான் கஷ்டம்” என்றார். “முன்பு தப்பு வந்தால் கம்ப்யூட்டர் என்று சொல்லலாம். இப்போது யாரைச் சொல்வது?”

“என்னைச் சொல்லுங்கள்.”

“அதை எப்படியும் சொல்வேன்.”

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். எல்லாருக்கும் இடம் கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றேன். பிறகு அப்பாவிடம் போய், “ஒங்க மக மண்டோருக்கு எண்ணக் கத்துக் குடுத்துட்டா” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதைத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிட்டார். நான் ஏதோ ஒரு தோட்டத்து மண்டோருக்கு டியூஷன் எடுப்பதாக அங்கே இப்போது பேச்சு. நான் மறுக்கப் போகவில்லை.

புக்கிட் ரம்பாயில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு கிடங்கு உண்டு. ஜப்பான் சாமான் அங்கேதான் வருகிறது. அங்கே கோளாறு தலைகீழ். ஜப்பான் எழுத்துகளில் சிலவற்றை ஒடுக்கி, ஒரே கட்டத்தில் அடங்கும்படி பழைய கணினிகளுக்காக ஒரு காலத்தில் செய்திருக்கிறார்கள். அங்கே பட்டியல் அனுப்புபவர்கள் இன்றும் பாதியை ஒடுக்கியும் பாதியை அகலமாகவும் எழுதி அனுப்புகிறார்கள். ஒரே சாமான், ஒரே பெயர், இரண்டு அகலம். அந்தக் கிடங்கிலும் திரையில் ஜப்பான் எழுத்திலேயே பெயர் வேண்டும் என்று கேட்கிறார்களாம். வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடலாமா என்று பண்டிகைக்குப் பிறகு யோசிக்கலாம் என்றார் மேனேஜர். யோசிக்கட்டும். போன சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி நான் புக்கிட் ரம்பாய் போய்விட்டேன். ஸ்டோர் கிளார்க்கிடம் அவர்களுடைய ஜப்பான் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவருடைய கணினியிலேயே என் நிரலை ஏற்றி ஓட்டினேன். நானூற்றுச் சொச்சம் வரிகளில் பதினோரு வரி சாய்ந்தது. பதினொன்றையும் கட்டம் போட்ட தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். அதில் ஏழு வரியை நேற்றோடு நிமிர்த்தியாகிவிட்டது.